நீங்கள் குறைத்துச் சொன்ன மதிப்பெண்

அன்புள்ள அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவும் கை வரவில்லை, அப்படியே விடவும் மனசு ஒப்பவில்லை. கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த வாரம் உங்களுக்கு வருஷத் திதி. சங்கரன்கோவிலிலிருந்து சித்தப்பா ஃபோன் செய்தார். பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு நினைவஞ்சலி கொடுக்கிறாராம். "நீதாம்ட்டி நம்ம வீட்டுலயே படிச்ச பிள்ள. அப்பாவைப் பத்தி உருக்கமா நாலு வரி எழுதிக் குடு" என்றார். "என்னால முடியாது சித்தப்பா" என்றேன். நான் துக்கம் தாங்காமல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "சரி தாயி, அழாத" என்று அவரே எழுதிக்கொண்டார். 'பாசத்தின் இருப்பிடமே' என்று தொடங்குகிறது. ஃபோனிலேயே படித்துக் காட்டினார்.

நான் அழவில்லை அப்பா. கோபத்தில் வாயடைத்துப் போயிருந்தேன். அவரிடம் எழுதிக் கொடுக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். யார் படித்தாலும் சரி.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷத்தை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். அப்போது நாம் ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் முனிரத்தினம்மா வீட்டு லைனில் குடியிருந்தோம். அந்தம்மாவுக்கு நாலு மாடு. தெலுங்கும் தமிழும் கலந்து மாட்டோடுதான் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் ஒரு பசு கன்று போட முடியாமல் படுத்துவிட்டது. கால்நடை டாக்டர் வந்தார். பெண் டாக்டர். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாணித் தரையில் அப்படியே உட்கார்ந்தார். கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். கன்று வெளியே வந்து விழுந்ததும் "பயப்படாம நின்னியே, நல்ல கை உனக்கு" என்றார். முனிரத்தினம்மா ஊரெல்லாம் அதைச் சொல்லிவிட்டு வந்தது: "நம்ம உமா டாக்டராகும், சூடு, பாத்துக்கோ, நம்ம மாட்டுக்கெல்லாம் அதுவே ஊசி போடும்."

அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உங்களிடம் சொன்னேன். "மாட்டு டாக்டரா?" என்று சிரித்தீர்கள். திட்டவில்லை. "மார்க் வரட்டும், பாப்போம்" என்றீர்கள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது. இப்போது எடுத்துவிட்டார்கள். கால்நடை மருத்துவம், டாக்டர் படிப்பு, இன்ஜினியரிங் எல்லாவற்றுக்கும் அந்தப் பரீட்சையை எழுதியாக வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் பொதுத் தேர்வுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். கையில் மார்க்கே இல்லாமல், இவ்வளவு வரும் என்ற கணிப்பை வைத்துக்கொண்டு எதற்குப் போடலாம், எதற்குப் போட வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டும். அதனால் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் விலங்கியல் சாந்தி டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொதுத் தேர்வில் எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டு, ஒரு சனிக்கிழமை பெற்றோரை ஒவ்வொருவராக வரச் சொன்னார்.

நீங்கள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடேயே போனீர்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தினீர்கள். கை கால் கழுவினீர்கள். அம்மாவிடம் காபி கேட்டீர்கள். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் சொன்னீர்கள்.

"டீச்சர் சொல்லிட்டாவ. பயாலஜியில எரநூத்துக்கு நூத்தி நாப்பதைத் தாண்டாதாம்."

"அரையாண்டுல நூத்தி எழுபத்தெட்டு வாங்கியிருக்கேனேப்பா."

"அது பள்ளிக்கூடத்துப் பேப்பர். பிள்ளையள பயமுறுத்தக் கூடாதுன்னு ஈசியா போட்டதாம். பப்ளிக்ல வெளியாளு திருத்துவான். என்ட்ரன்ஸெல்லாம் எழுதி அசிங்கப்பட வேண்டாம், கிருஷ்ணகிரியில பி.எஸ்சி.க்குப் போடுங்கன்னு அவங்களே சொல்லிட்டாவ."

அவங்களே சொல்லிட்டாவ. இதை நீங்கள் சொன்ன தோரணை இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கும் வருத்தம்தான், ஆனால் என்ன செய்ய முடியும் என்பது போல. காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னீர்கள். நான் உங்களுக்கே ஆறுதல் சொன்னேன். "பரவாயில்லப்பா" என்றேன். பதினேழு வயசில் உங்களிடம் நான் சொன்னது அது!

டீச்சரிடம் நானே ஏன் போய்க் கேட்கவில்லை என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வெட்கம்தான் காரணம். என்னைப் பற்றி அப்படி நினைத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். ஒரு நாள் தாழ்வாரத்தில் அவரே நிறுத்திக் கேட்டார், "உமா, ஃபார்ம் போட்டாச்சா?" என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். "இல்ல டீச்சர், எனக்கு அதுல இஷ்டம் இல்ல" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு நடந்தேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். அதோடு எங்கள் இருவருக்கும் பேச்சு முடிந்தது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியபோது, சும்மா எழுதிப் பார்க்கிறேனே என்று உங்களிடம் இன்னொரு தடவை கேட்டேன். "தெரிஞ்சே போய் குழியில விழணுமா?" என்றீர்கள். அதே வாரம் உங்களோடு வேலை பார்த்த கோபால் மாமாவின் மகன் பிரகாஷுக்கு நீங்களே கிருஷ்ணகிரி போய் விண்ணப்பம் வாங்கி வந்தீர்கள். நம் வீட்டு மேஜையில் வைத்து, உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தீர்கள். கோபால் மாமாவுக்கு ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை என்று, தர்மபுரியில் பரீட்சை மையம் வரைக்கும் பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவனுடைய அரையாண்டு மார்க் என்னைவிடக் குறைவு. அதுவும் எனக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்தில் மை காய்வதற்காக ஃபேனைப் போட்டுவிட்டது நான்தான்.

எனக்கு நீங்கள் நிரப்பிய படிவங்கள் மூன்று. கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. வேதியியல். அதே கல்லூரியில் பி.காம். அப்புறம் ஆசிரியர் பயிற்சி. மூன்றும் சாயங்காலத்துக்குள் வீடு திரும்புகிற தூரம்.

ரிசல்ட் வந்தது. விலங்கியலும் தாவரவியலும் சேர்ந்த பயாலஜியில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. வேதியியலும் இயற்பியலும் அதற்கு அடுத்தபடி. பள்ளியிலேயே முதல். தட்டி போர்டில் என் பெயரை எழுதியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்படுவதா, என்ன செய்வது என்று தெரியவில்லை. சாந்தி டீச்சர் மாடிப்படியில் இறங்கி வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டேன். உன் கணிப்பு பொய்த்துப் போச்சு பார், நன்றாக அனுபவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஜிலேபி வாங்கினீர்கள். லைன் வீடு முழுக்கக் கொடுத்தீர்கள். கம்பெனிக்கு ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போனீர்கள். சாயங்காலம் கோபால் மாமா வந்து, "ஏண்ணே, இந்த மார்க்குக்கு மெடிக்கலே கெடச்சிருக்குமே, ஏன் என்ட்ரன்ஸ் எழுத வைக்கல?" என்று கேட்டார். நான் அடுக்களையில் இருந்தேன். உங்கள் பதில் தெளிவாகக் கேட்டது.

"நான் என்ன செய்ய கோபாலு? அவதான் வேண்டாம்னுட்டா. பயந்துட்டா."

வெளியே வந்து சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வந்தவர் முன்னால் உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். டீச்சர் சொல்லித்தான் போடவில்லை என்று சொன்னால் அவருக்குக் கெட்ட பெயர் என்று அப்பா மறைக்கிறார் போலும் என்று, உங்களுக்காக நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வு எழுதட்டுமா என்று கேட்டபோது, "ஒரு வருஷத்தை வீணாக்கிட்டு வீட்டுல குத்தவைக்கப் போறியா?" என்றீர்கள். வேதியியல் படித்தேன். இப்போது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில், ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். கூழில் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் வேலை. வேலையைக் குறை சொல்லவில்லை. வேலை நன்றாகத்தான் போகிறது.

போன வருஷம் நெஞ்சு வலிக்கிறது என்று நீங்கள் உட்கார்ந்தீர்கள். அதற்கு மேல் எழுந்திருக்கவில்லை. பதினாறு நாளும் நான் நிஜமாகவே அழுதேன் அப்பா. அதில் ஒரு சொட்டுகூடப் பொய் இல்லை.

பதினாறாம் நாள் சாந்தி டீச்சர் வந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"உங்கப்பாவ ஒரே ஒரு தடவதாம்மா பாத்துப் பேசியிருக்கேன். பொறுமையா கேட்டுக்கிட்டாரு" என்றார். அப்புறம் மெதுவாக, "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா எனக்கு இன்னைய வரைக்கும் மனசே ஆறல. நீ ஏம்மா என்ட்ரன்ஸ் போடல?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நீங்கதானே டீச்சர் நூத்தி நாப்பது தாண்டாதுன்னு சொன்னீங்க?"

"நானா?"

"அப்பாகிட்ட சொன்னீங்களே."

அவர் என் கையை விட்டுவிட்டார். "நூத்தித் தொண்ணூறுக்குக் கொறையாதுன்னு சொன்னேன்மா. வெட்னரிக்குக் கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க, கூடவே மெடிக்கலுக்கும் போட்டு வைங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதியே குடுத்தேன். மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு. வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னாரு. அப்புறம் நீதான இஷ்டம் இல்லன்னு சொன்ன?"

பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ என்னைச் சாம்பார் வாளியை எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். திரும்பி வந்து டீச்சர் காலருகில் உட்கார்ந்து, "அஞ்சு வருஷமா உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன் டீச்சர்" என்றேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு உங்கள் படத்தைப் பார்த்தார்.

அந்தக் காகிதத்தை என்ன செய்தீர்கள் அப்பா? வழியில் கிழித்துப் போட்டீர்களா? இல்லை, சட்டைப் பையிலேயே இருந்து அம்மா துவைத்ததில் கரைந்து போனதா? பள்ளிக்கூடத்திலிருந்து நம் வீடு வரைக்கும் சைக்கிளில் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தில் எந்த இடத்தில் முடிவு செய்தீர்கள்?

விருந்தாளிகள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"அவிய எங்கிட்டயும் அதையேதாம்ட்டி சொன்னாவ" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் படிப்புக்கு மெட்ராஸ்ல உன்னைய தனியா விடப் பயந்திருப்பாவ" என்றாள்.

பயந்திருந்தால் பயம் என்று சொல்லியிருக்கலாமே. போகக் கூடாது என்று சொல்லியிருந்தால்கூட உங்களோடு சண்டை போட்டிருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன், தோற்றும் போயிருப்பேன். தோற்றிருந்தாலும் என்னால் முடியாது என்று நினைத்திருக்க மாட்டேன். நீங்கள் என் படிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் புத்தி மட்டு என்று என்னையே நம்ப வைத்தீர்கள். கல்லூரியில் மூன்று வருஷமும் நல்ல மார்க் வரும்போதெல்லாம், பேப்பர் ஈசியாக இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அது யார் போட்ட விதை?

இன்னொரு சேதியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் நானும் உங்கள் கட்சி ஆகிவிடுவேன்.

தங்கை மலர் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நீங்கள் போகும்போது பதினொன்றில் இருந்தாள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள். ரிசல்ட்டுக்கு முன்பே அங்கே இடம் ஒதுக்கிவிடுவார்கள். எவ்வளவு வரும் என்று பள்ளியில் எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். எழுபத்தெட்டு சதவீதம் வரும் என்று அவள் பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரிக்கு விவரம் கேட்டு வர நான்தான் லீவு போட்டுப் போனேன்.

அலுவலகத்தில் ஒருவர் கன்னடத்தில் "எஷ்டு பர்செண்ட்?" என்று சதவீதம் எவ்வளவு எனக் கேட்டார். சொன்னேன். எழுபது இருந்தால் போதும், ஒன்றும் கஷ்டமில்லை என்று விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பொம்மசந்திரா வருவதற்குள் கூட்டம் நெரிந்தது. என் மேல் ஓர் ஆள் சாய்ந்துகொண்டே வந்தான். இந்தப் பஸ்ஸில் இவள் தினமும் எப்படி வருவாள் என்று நினைத்தேன். ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டால் அம்மாவுக்கு யார் துணை என்று நினைத்தேன். அந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும், நான் படித்த கல்லூரி என்றால் தெரிந்த இடம்தானே என்று நினைத்தேன். அத்திப்பள்ளி தாண்டி, ஓசூரும் வந்துவிட்டது.

மலர் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னக்கா சொன்னாங்க?"

"எண்பத்தஞ்சுக்கு மேல இருந்தாத்தான் ஃபார்மே தருவாங்களாம்" என்றேன்.

முன்கூட்டியே நான் திட்டம் போடவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் "அப்படியா" என்றாள். முகம் சுண்டிப்போனது. கொஞ்சம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ அலைஞ்சதுதான் மிச்சம். பரவாயில்லக்கா" என்று என் தோளைத் தட்டினாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரியை மூன்று தடவை பார்த்து மூன்று விதமாக எழுதினேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினேன். மலர் பள்ளி விட்டு வந்து புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"எழுபது போதும்னுதான் சொன்னாங்க. நான் பொய் சொன்னேன்."

அவள் விண்ணப்பத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா?"

அப்பா, ஒரு வருஷமாக உங்கள் படத்தின் முன்னால் நின்று நான் கேட்கிற அதே கேள்வி. பஸ், அம்மா, வேலை என்று பத்துக் காரணம் சொல்ல முடியும். எதைச் சொன்னாலும் அவள் முகத்துக்கு முன்னால் அது காரணமாக நிற்காது என்று தெரிந்தது.

"அப்பா பண்ணாங்கன்னு ஒரு வருஷமா புலம்புன. நீ பண்ணுனது மட்டும் என்னவாம்?" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு படித்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது, நிரப்பிய விண்ணப்பத்தைக் கண்ணாடிக்கும் எனக்கும் நடுவில் நீட்டி, "கார்டியன்னு போட்ட எடத்துல கையெழுத்துப் போடு" என்றாள். போட்டேன். அவளே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை.

இதை வைத்து உங்களைப் புரிந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொய் எவ்வளவு லேசாக வாயில் வருகிறது என்பது தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் சோறு இறங்காது என்பதும் தெரிந்தது. என்னால் ஒரு நாள்கூடத் தாங்க முடியவில்லை. நீங்கள் எப்படி அப்பா, ஜிலேபி வாங்கிக் கொடுத்து, என் பட்டமளிப்புக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டி, முதல் நாள் வேலைக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து வழியனுப்பி, இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது வாய் திறக்காமல் இருந்தீர்கள்? சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் உங்களிடம் நேராகக் கத்தியிருப்பேன். இப்போது பதில் சொல்லாத ஆளிடம் கத்த வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திதியை முறையாகச் செய்வோம். உங்களுக்குப் பிடித்த உளுந்த வடையும் உண்டு. ஆனால் யாராவது என்னிடம், "நீ ஏம்மா டாக்டருக்குப் படிக்கல?" என்று இனிமேல் கேட்டால், எங்கப்பா பொய் சொன்னார் என்று சொல்வேன். நான் பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். மலர் எந்த ஊர்க் கல்லூரியைக் கேட்டாலும், அங்கே என்ன மார்க் கேட்டார்களோ அந்த மார்க்கை ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல் அவளிடம் சொல்வேன். எனக்குப் பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று சொல்வேன். முடிவு அவளுடையது. இந்த வாக்கை நான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் மன்னிக்காத மூத்த மகள்,
மலரின் அக்கா,
உமா